மேற்குக் கதவு

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கம்பெனி முதலாளி ஜானகிராமன் சார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் துரை. அவருடைய மேஸ்திரி, கடைசிவரை வாயைத் திறக்காதவர். எங்கள் இன்ஜினியர் ஹரிகிருஷ்ணன். அப்புறம் ஜெகதீசன் ஆகிய நான், இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர். டீ நான்குதான் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பகலில் பார்த்துப் பழக்கமில்லாத டீக்கடைப் பையன் வேறு எப்படி எண்ணுவான்?

ஷபானா, நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. பத்து வருஷத்துக்கு முந்தைய அந்த ஓட்டல் வரைபடத்தை எடுத்து, புது மிஷினில் முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள். எனக்குப் பல ராத்திரிகள் பிடித்தது உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. நிஜத்தில் பறந்துபோன கூரை கம்ப்யூட்டரில் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டீர்கள். நீங்கள் நம் கம்பெனியின் இன்றைய இன்ஜினியர், நான் படிப்பை விட்டவன். கேள்வி உங்கள் பக்கமும் பதில் என் பக்கமும் இருப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் அனுபவிக்க விடுங்கள்.

மூன்றாம் வருஷத்தோடு காலேஜிலிருந்து கழன்றுகொண்டவன் நான். அரியர் விழுந்த பாடங்களில் ஒன்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். தண்ணீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்று சொல்லும் பாடம். இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் அவை எனக்குச் சொல்லாமல் ஓடிவிட்டன. அப்படிப்பட்டவனுக்குக் கட்டடங்களைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழலும் என்று கணக்குப் போடும் கம்பெனியில் வேலை கிடைத்தது. செங்கல்பட்டில் டயர் கடைக்கு மேல் மாடி. கட்டடத்தையும் அதைச் சுற்றிய காற்றையும் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டுவோம். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றின் வேகம், அழுத்தம், சுழல் எல்லாவற்றையும் மிஷின் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும், எண்கள் ஆட்டம் நின்று ஒரு நிலைக்கு வரும் வரை. அவை அடங்குகின்றனவா என்று விடியவிடியப் பார்த்துக்கொண்டிருப்பதும், கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவதும் என் உத்தியோகம். எங்கள் ஊர் படாளத்தில் யாராவது கேட்டால் என் அப்பா, பையன் ஃபேன் கம்பெனியில் இருக்கிறான் என்பார். நான் திருத்தியதில்லை. ஃபேனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டு.

துரையின் ஓட்டலில் சாப்பாட்டு ஹால் ஒன்று. தகரக் கூரை, இரும்புச் சட்டம், கடலைப் பார்த்து வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். புயலில் கூரை தாங்குமா என்று பார்க்கச் சொன்னார்கள். ஹரி லீவில் இருந்தான். நானே போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சரியாக வந்தால் ரிப்போர்ட்டில் உன் பேரும் இருக்கும், பகல் ஷிஃப்டுக்கு மாற்றுகிறேன் என்றார் முதலாளி. என் பேர் அதுவரை அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும். அதிலும் ஜெகதீஸ்வரி.

ஹாலின் மேற்குச் சுவரில் அகலமான இரட்டைக் கதவு ஒன்று வரைபடத்தில் இருந்தது. அந்தக் கதவின் மூலையில் பெட்டிகள் கோணிக்கொண்டன. கணக்கு ஓடும், பாதியில் செத்து விழும். மறுபடி ஓடும், மறுபடி விழும். எனக்குத் தூக்கம் வந்தது. கதவை அழித்துச் சுவராக்கினேன். எண்கள் சமர்த்தாக அடங்கின. கதவை விடச் சுவர் சுலபம், எதுவும் போக வர வேண்டியதில்லை. முடிவு வந்த சந்தோஷத்தில் கதவை அழித்ததையே மறந்துவிட்டேன். நான் சொல்வதில் இது ஒன்றைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் இது நிஜம்.

படம் அழகாக வந்தது. கடல் பக்கம் நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் ஹாலுக்குள் உப்பி, கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது. அந்த மீட்டிங்கில் அதைத்தான் எல்லார் முன்னாலும் விரித்தேன்.

"இன்னா சார் இது, கூரயப் போடச் சொன்னா பட்டம் உட்டுகினு கீறீங்க" என்றார் துரை. போல்ட்டுகளை இரட்டிப்பாக்க வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

லீவு முடிந்து வந்திருந்த ஹரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சிங்கப்பெருமாள் கோயில்காரன், யாரையும் கலாய்க்காமல் அவனுக்கு டீ இறங்காது. "மச்சான், உள்ள வந்த காத்து வெளிய போவாதா? வூட்டுக்கு வந்த மாமியாரா அது, குந்திகினே கீறதுக்கு?"

மேஸ்திரிகூடச் சிரித்தார்.

"புயல் வரட்டும். நான் அந்த ஹால்ல குந்தி நாஸ்தா துன்றேன். நீ வெளிய நின்னு வேடிக்க பாரு."

"ஹரி, நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க" என்று முதலாளி படத்தைச் சுருட்டி அவனிடம் கொடுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது மரியாதை முன்னால் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். மேற்குக் கதவைப் பார்த்தேன். இரண்டு சாப்பாட்டு மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு நுழையலாம், அவ்வளவு அகலம். வாசலில் நின்றால் கடல் காற்று சட்டையைத் தடவிக்கொண்டு பின்னாலிருந்த சவுக்குத் தோப்புக்குள் போனது. கதவு திறந்திருந்தால் கூரை நிற்கும். ஹரி சொன்னது சரி.

முறை என்னவென்றால், ஆபீசுக்குப் போய்க் கதவைத் திரும்ப வரைந்து, மறுபடி ஓட்டி, தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டடம் எப்படியோ கணக்கு அப்படி. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. கணக்கு எப்படியோ கட்டடத்தை அப்படி ஆக்கினால் என்ன என்று எந்தப் பேப்பரிலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பாஸ்.

அந்த டிசம்பரிலேயே, ஒரு போல்ட்டைக்கூடக் கூட்டுவதற்கு முன், புயல் வந்தது. கூரையைக் கண்காணிக்க முதலாளி ஹரியையும் என்னையும் காற்று மீட்டரோடு அனுப்பினார். துரை கதவுச் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் ரிப்போர்ட்டில் படித்ததுதான். கூரை எழும்பியது, சட்டம் முறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தது, அதற்குக் கீழே ஹரிகிருஷ்ணன் இருந்தான். இயற்கையின் சீற்றம் என்று எழுதினார்கள். என் படம் காட்டிய மூலையில் கூரை கிளம்பவில்லை, எதிர் மூலையில் கிளம்பியது. அதைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கதவு நிலையோடு பிடுங்கிக்கொண்டு தோப்பில் கிடந்தது. போய்ப் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், பூட்டு. எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மிஷினிலும் அந்தக் கதவை மூடி ஓட்டினால் கூரை பறக்கும்.

என் கணக்கு நிஜத்தில் நிரூபணமானது என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். ரிப்போர்ட்டில் என் பேர் வந்தது, எழுத்துப் பிழையில்லாமல். பகல் ஷிஃப்ட் கிடைத்தது, ஹரியின் நாற்காலி கிடைத்தது. பகலெல்லாம் அந்த நாற்காலியில் தூங்கி விழுந்தேன், ராத்திரி விழித்துக் கிடந்தேன். ஒரு மாதத்தில் நானே கெஞ்சி இரவு ஷிஃப்டுக்குத் திரும்பினேன். ஒரு மனிதனைக் கொன்று வாங்கிய பதவி உயர்வு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கப்புறம் நாம் கணக்குப் போட்ட கூரை ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணக்கை வைத்துத்தான் போல்ட்டை இரட்டிப்பாக்குகிறோம். இந்தக் கடற்கரையில் அவற்றில் ஒன்றுகூட இதுவரை பறக்கவில்லை. அதற்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஹரி மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. செய்தது கணக்குக்காக. ஒரு கணக்கை நம்ப நிஜத்தில் ஒரு உதாரணம் வேண்டும், அவ்வளவுதான்.

காரியத்தன்று அவன் மனைவி சங்கரி, "அண்ணா, கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அப்புறம் பந்தியில் உட்கார்ந்தேன். வடைக்கு இரண்டாம் தடவை இலை நீட்டினேன்.

நன்றாகக் கேட்டது. புயலன்று மத்தியானம், மழை கடலிலிருந்து படுக்கைவாட்டில் வந்துகொண்டிருந்தது. கடல் பக்க ஜன்னல்களுக்குக் கம்பி போட்டாகிவிட்டது, கண்ணாடி வரவில்லை. காற்று நுழையலாம், ஆள் வெளியேற முடியாது. ஹரி மேற்குக் கதவைத் திறந்து உள்ளே போனான். மழைக்கோட்டுக்குள்ளிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினான்.

"உள்ள வா மச்சான், பயந்துகினு நிக்காத."

மீட்டர் பார்க்க வேண்டும் என்றேன்.

"சரி. கதவ மட்டும் சாத்தாத. அது தொறந்துகீதே, அதான் கூர நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினான், அந்தக் காற்றிலும். "உன் படத்துல இந்தக் கதவே இல்ல மச்சான். போன வாரமே பாத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். இது முடியட்டும், ரெண்டு பேரும் குந்தி சரி பண்ணி உன் பேர்லயே குடுத்துடலாம். இன்னா?"

சரி என்று தலையாட்டினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி, காற்றுக்கு மறைவாகச் சுவரோரம் குந்தி, பொட்டலத்தின் நூலைப் பிரித்தான். ஒரு கதவு சுலபமாக வந்தது. இன்னொன்றைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கொண்டியை மாட்டிப் பூட்டினேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.