மாடிக்கும் கிளினிக்குக்கும் ஒரே இணைப்பு

இல்ல தம்பி, பேச வேணாம். வாயில ரப்பர் மாட்டியிருக்கு, பேசினா நழுவிடும். வலிச்சா இடது கைய லேசா தூக்குங்க, நிறுத்திடறேன். பேசற வேலைய நான் பாத்துக்கறேன். பல் டாக்டருக்கு அதுதானே சௌகரியம், எதுத்துப் பேச ஆளே கிடையாது.

எங்க விட்டேன்? ஆங், எங்க வீட்டுக்காரரு. இதே கட்டடத்துல மேல மாடியிலதான் இருக்கோம். டிரைவிங் ஸ்கூல் நடத்தினவரு. பிரேக்க மிதிய்யா மிதிய்யான்னு அவரு போடற சத்தத்துல பக்கத்து வண்டிக்காரன் பிரேக் போட்டுடுவான். அப்பேர்ப்பட்ட தொண்ட. அதுல புத்துநோய் வந்து குரல்வளையையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்ட, அது வழியாத்தான் மூச்சு. தொண்டையில வச்சுப் பேசற மெஷின் ஒண்ணு வாங்கினோம். தகர டப்பாக்குள்ள இருந்து எவனோ பேசறான்னு எழுதிக் காட்டிட்டு ஓரமா போட்டுட்டாரு. அப்புறம் ஒரு வெள்ளப் பலகைதான். சோறு வேணும், வேணாம். அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு.

நாக்க அந்தப் பக்கம் தள்ளிக்கோங்க. அப்படித்தான்.

அப்பதான் இவரு மாதிரியே குரல் போனவங்க சேந்து இணையத்துல எழுதிக்கற ஒரு தளம் கெடச்சுது. அய்யோ, மனுஷன் மாறிட்டாரு போங்க! விடிஞ்சா தட்டச்சு சத்தம். யாருக்கோ ஆபரேஷன்னா தைரியம் சொல்வாரு, எவனோ சாகப் போறேன்னு எழுதினா ராத்திரி முழுக்க கூடவே உக்காந்து பதில் போடுவாரு. கலகலன்னு பேசற என் புருஷன் அங்கதான் இருந்தாரு தம்பி. நான்கூட பொறாமப்பட்டேன். நாலு பேருக்குத் தெரியட்டும்னு அந்தத் தளத்தோட விலாசத்த ஒரு நோட்டீஸ்ல அடிச்சு, கீழ காத்திருக்கற எடத்துல சுவத்துல ஒட்டினதும் அவருதான். நீங்களும் பாத்திருப்பீங்க.

அங்க எவனோ ஒருத்தன் பூந்துட்டான். தொண்ட ஓட்டைங்களா, விசில் அடிச்சுக் காட்டுங்கடாங்கறான். செத்துத் தொலைஞ்சா வீட்ல நிம்மதியா இருப்பாங்கங்கறான். ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் ஆன பொண்ணுகிட்ட போய் அத எழுதறான். பயப்படாதீங்க, நரம்பத்தான் எடுக்கறேன். ஆடாம இருங்க.

தளத்துக்காரங்க அவன் பேரத் தடுத்தாங்க. வேற பேர்ல வந்தான். அதையும் தடுத்தா இன்னொண்ணு. கடைசியில ஐபி அட்ரஸையே தடுத்துட்டாங்க. ஒரு இணைப்புக்கு வெளியில தெரியற நம்பர் ஒண்ணு இருக்கும்ல, அது. அந்த நம்பர்ல இருந்து எவனும் உள்ள வர முடியாது. சரிதானேன்னு தோணும். ஆனா அந்த நம்பர் எதுன்னு நெனச்சீங்க? எங்களோடது! மாடிக்கும் கிளினிக்குக்கும் ஒரே இணைப்பு. கீழ காத்திருக்கறவங்களுக்கு வைஃபை குடுக்கறோமே, அதுவும் அதே.

ஒருநாள் காலையில இவரு தளத்தோட கதவத் தட்டறாரு, தெறக்கல. போன்ல வேற இணைப்பு போட்டு உள்ள போனாரு. அதுதான் வெனையா போச்சு. தடுத்த ஆளு அட்ரஸ மாத்திக்கிட்டுத் திருட்டுத்தனமா வந்துட்டான்னு இவரு பேரையும் தூக்கிட்டாங்க. திட்டினதே இவருதான்னு முடிவு பண்ணிட்டாங்க தம்பி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ராத்திரி முழுக்க யாருக்குத் தைரியம் சொன்னாரோ அவனே எழுதியிருக்கான், உங்கள நம்பினேனே, சீன்னு.

அன்னைக்கு பலகையக் கவுத்து வச்சவருதான். சோறு வேணும்னுகூட எழுதல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு. உடம்புல இருந்த எடையெல்லாம் போச்சு. ஆபரேஷனுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல.

தளத்த நடத்தறவருக்கு எழுதினேன். ஏங்க, ஒரு பல்லு சொத்தைன்னா நான் வரிசையவே புடுங்குவேனா? மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தலாமா? அந்த நம்பர்ல இருந்து புதுசா பேர் பதியறத மட்டும் நிறுத்துங்க, ரொம்ப நாளா இருக்கறவங்கள விடுங்க, தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளுங்கன்னேன். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கும் குரல் கெடையாது. அம்மா, அந்தப் பொண்ணு அழுது அழுது தையல் பிரிஞ்சு போச்சு, நான் யோசிச்சுக்கிட்டு நிக்க முடியுமான்னு கேட்டாரு. நியாயம்தானே? ஆனா அட்ரஸ் ஒண்ணா இருக்கறப்ப உங்க வீட்டுக்காரர் இல்லன்னு நான் எப்படி நம்பறதுன்னும் கேட்டாரு.

கொஞ்சம் அகலமா. ம்ம். இந்த வேர் சிகிச்சைல இதான் தொல்ல, ஒரே தடவையில முடியாது, திரும்பத் திரும்ப வரணும். திட்டு எந்தெந்த நாள் வந்துச்சுன்னு தளத்த நடத்தறவர்கிட்டயே கேட்டு வாங்கினேன். அந்த நாள்ல எல்லாம் இங்க யாரு வந்தான்னு நோட்டுல பாத்தேன், எல்லாத்துலயும் இருந்தது ஒரே பேருதான். பாத்தும் நம்பல. எவ்வளவு மரியாதையா பேசற புள்ளன்னு முன்னாடி உக்கார்ற பொண்ணுகிட்டகூட சொன்னேன்.

ஏன் கைய தூக்கறீங்க? அந்தப் பக்கம் மரத்துப் போயிருக்கே, வலிக்காதே.

இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தடைய எடுங்கன்னு கெஞ்சிக் கேட்டேன், எடுத்தாரு. காலையில வைஃபை பாஸ்வேர்ட மாத்திட்டோம். மாடிக்கு வர்ற வைஃபைய மட்டும் அணச்சு வச்சுட்டேன். புது பாஸ்வேர்ட இதுவரைக்கும் ஒரே ஒருத்தருக்குத்தான் குடுத்தோம். என்ன, இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா எல்லாரும்னு நீங்க வெளிய உக்காந்து எழுதினது, இந்த நாற்காலியில வந்து சாயறதுக்குள்ள தளத்துக்காரரு எனக்கு அனுப்பிட்டாரு.

பயப்படாதீங்க. பல்ல ஒழுங்காத்தான் பாத்திருக்கேன், அதுல வஞ்சன கெடையாது. ஏன் எழுதினீங்கன்னும் கேக்க மாட்டேன். கேட்டா என் வாயில வேற மாதிரி வந்துடும். இருங்க, ரப்பர கழட்டறேன். கொப்பளிச்சுத் துப்புங்க. இந்தாங்க, மேசைமேல நீங்க வச்ச போன்.

திரும்பிப் பாருங்க, கதவுகிட்ட நிக்கறாரு. எறங்கி வராதீங்கன்னுதான் சொன்னேன், கேக்கல. போலீசுக்குப் போலாம்னேன், வேணாம்னு தலையாட்டிட்டாரு. அந்தப் பலகைய இன்னைக்குத்தான் திரும்பக் கையில எடுத்திருக்காரு. என்ன எழுதியிருக்காருன்னு படிங்க தம்பி.

ம், அதேதான். ‘அத எழுதினது நான் இல்லன்னு தளத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க, போதும்.’