பலராமன் பேருக்கு ஒரு டின் நெய்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் விருந்தாளி இல்லாத வீடு கிடையாது. நீங்கள் மாற்றலாகி வந்து இந்த ஒரு தீபத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் சொல்கிறேன். தூரத்து உறவெல்லாம் அந்த ஒரு வாரத்துக்கு நெருங்கிய உறவாகிவிடும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உறவுக்காரர்கள்கூட இல்லை. என்னோடு வேலூர்க் கல்லூரியில் படித்தவர்கள். ஆறேழு பேர், வருஷம் தவறாமல் வருவார்கள். என் மேல் அவ்வளவு பாசம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி மறைப்பில்லாமல் தெரியும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் பெயர் ஏகாம்பரநாதன். தேரடி வீதியில் பூஜை சாமான் கடை. பி.ஏ. படித்துவிட்டுச் சூடம் விற்கிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அப்பா போனதும் கடையைப் பார்க்க ஆள் இல்லை, உட்கார்ந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நண்பர்களைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாரும் தங்கமானவர்கள். சோமசேகரன் சென்னையில் கோட்டையில் அதிகாரி. அரசாங்கம் அவனைப் பயிற்சிக்கென்று இரண்டு மாதம் லண்டனுக்கு அனுப்பியது. போய்வந்து ஐந்து வருஷமாகிறது, இன்னும் முழுசாக ஊர் வந்து சேரவில்லை. என் மனைவி மங்களாம்பிகை கொடுக்கிற காபியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே பனியில் குடித்த தேநீரைப் பற்றிப் பேசுவான். பஞ்சாட்சரம் ரயில்வேயில் இருக்கிறான். பாஸ் இருக்கிற தைரியத்தில் குடும்பத்தோடு காசி, டில்லி, காஷ்மீர் எல்லாம் போய்வந்தவன். தாஜ்மகாலை ஒருமுறைதான் பார்த்தான், ஆனால் எங்கள் மாடியில் அதை வருஷா வருஷம் கட்டி முடித்துவிட்டுத்தான் சாப்பிட வருவான். தருமன் டாக்டர். அவனுடைய பெண் வீணை வாசிக்கிற போட்டோ ஒன்று அவனிடம் எப்போதும் இருக்கும். அந்தப் பெண் வளர்ந்தது, வீணை வளர்ந்தது, போட்டோவும் பெரிசாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள். "கடை எப்படிடா போவுது?" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது, "டேய், டில்லியில இப்ப குளிர் ஜாஸ்தியாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் உட்காருவது மாடியின் கைப்பிடிச் சுவரில். வீட்டில் பிரம்பு நாற்காலிகள் கம்மி. விருந்தாளிகள் நிற்க, வீட்டுக்காரன் நாற்காலியில் உட்கார முடியுமா?

ஐம்பத்தெட்டாம் வருஷத் தீபத்தன்று பஞ்சாட்சரம்தான் கேட்டான், "நம்ம பலராமன் என்னடா ஆனான்?" என்று. பலராமன் எங்களோடு படித்தவன். பரீட்சை முடிந்த கையோடு பினாங்கிலிருந்த மாமாவின் கடைக்குக் கப்பலேறிப் போனவன். அதற்குப் பிறகு யாருக்கும் அவனைப் பற்றித் தகவல் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் கேட்டது என்னைப் பார்த்து. என்னிடம் ஒரு பதில் இருக்கும் என்று நினைத்து ஒருவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"பலராமன் போயிட்டான்பா," என்றேன்.

பினாங்கிலிருந்து வந்த யாத்ரீகர் ஒருவர் என் கடையில் சூடம் வாங்கும்போது சொன்னதாகச் சொன்னேன். விஷக் காய்ச்சல் என்றேன். கடைசியில் நம்மையெல்லாம் நினைத்துக்கொண்டானாம் என்றேன். அதற்குப் பிறகு மாடியில் லண்டன் இல்லை, தாஜ்மகால் இல்லை, வீணை இல்லை. சோமசேகரன் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உக்காந்து சொல்லுடா," என்றான்.

உட்கார்ந்து சொன்னேன். அதில் என்ன தப்பு?

அடுத்த வருஷம் அவர்களாகவே கேட்டார்கள். தீபத்துக்கு நெய் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், உங்களுக்கே தெரியும். செத்தவர்கள் பேரிலும் கொடுப்பார்கள். பலராமன் பேருக்கு ஒரு டின் நெய் என்று எல்லாருமாக முடிவு செய்தார்கள். வருஷா வருஷம் தீபத்துக்கு முந்தின நாள் அதை மலை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு என்னுடையது. மறுநாள் சாயங்காலம் மேலே ஜோதி தெரிந்ததும் அந்த நாற்காலி எனக்கு. அவனுடைய சாவும் மெல்ல மெல்ல நன்றாக வந்தது. ஒரு வருஷம் ஆஸ்பத்திரி சேர்ந்தது, ஒரு வருஷம் கடைசி வார்த்தைகள் சேர்ந்தன. மங்களாம்பிகை ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என் கல்யாணத்துக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

இந்த வருஷம் தீபத்துக்கு முந்தின நாள் காலை தேரடி வீதியில் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டு ஒருவன் நின்றான். முன்தலை வழுக்கை. பளபளவென்று சீமைச் சட்டை. என்னைப் பார்த்ததும் திருடன் போல முழித்தான். பிறகு சிரித்தான். முன்பல்லில் ஒன்று தங்கம்.

"மாட்டிக்கிட்டேனே," என்றான். "ஏகாம்பரம், என்னைப் பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதடா. நாளைக்கு வரைக்கும் சொல்லாத."

பலராமன்தான். லாட்ஜில் அறை எடுத்திருந்தான். பினாங்கில் இப்போது சொந்தக் கடை என்றான். உடம்பு ஆரோக்கியமாக இருந்தது. விஷக் காய்ச்சலின் சுவடே இல்லை.

அவனை நான் வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பார்த்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். இவன் மாடிப்படி ஏறி வந்து நின்றால் அந்த நாற்காலி மட்டுமா போகும்? அதற்குப் பிறகு நான் சொல்கிற எதை எவன் நம்புவான்? என் மனைவி இத்தனை வருஷமாகத் துடைத்த கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? பயந்துவிட்டேன், ஐயா. அதை மறைக்கவில்லை.

பேசிப் புரியவைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் மலைக்குக் கூப்பிட்டேன். நெய் டின்னை அவனே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே உதவுகிற குணம் அவனுக்கு.

"யார் பேருக்குடா நெய்?" என்று கேட்டான்.

"உன் பேருக்குத்தான்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூட்டம் போகிற பாதையை விட்டு, விறகு பொறுக்குகிறவர்கள் போகிற பாதையில் அழைத்துப்போனேன். அது குறுக்குவழி. பாதி மலையில் ஒரு பாறை வரும், அதன் மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அங்கே டின்னை இறக்கி வைத்து இளைப்பாறினோம். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஆஸ்பத்திரி, நெய், எதையும் விடவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். இப்படியே திரும்பிப் போய்விடு என்று கையைப் பிடித்துக் கேட்டேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பான். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அய்யோ, இதுக்காடா அழுவுற? நாளைக்கு நீ வழக்கம்போல நான் செத்ததைச் சொல்லு. அப்ப பாத்து நான் மாடி ஏறி வரேன். ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டா எல்லாம் தீந்துபோச்சு. இதெல்லாம் ஒரு விஷயமா?"

ஒரு விஷயமா என்று கேட்டான், ஐயா. பினாங்கில் சொந்தக் கடை, தங்கப் பல், சீமைச் சட்டை எல்லாம் இருக்கிறவனுக்கு அது விஷயமில்லைதான்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள எழுந்து பாறை ஓரமாகத் திரும்பி நின்றான். அவன் முதுகில் கை வைத்தேன். கல்லூரி நாளிலும் அவன் முதுகில் கை வைத்துத்தான் நடப்பேன். இந்தத் தடவை கொஞ்சம் பலமாக வைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு டின்னை எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போனேன். கொடுத்த பொறுப்பைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. பலராமன் பேரைச் சொல்லி நெய்யைச் சேர்த்தேன். இந்த வருஷம்தான் அது முறைப்படி நடந்தது என்று ஒரு திருப்தி. பள்ளத்தில் யார் கண்ணிலாவது பட்டாலும், கூட்டத்தில் வந்த ஊர்பேர் தெரியாத பக்தர் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். என்றைக்குமில்லாத உற்சாகம். லண்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜோதி தெரிந்து அரோகரா சத்தம் அடங்குவதற்குள்ளேயே, "பலராமன் கதையைச் சொல்லுடா ஏகாம்பரம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அடிக்கடி மாடிப்படியையும் பார்த்தார்கள். துக்கத்தை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னதுபோல என்றைக்கும் சொன்னதில்லை. காய்ச்சலை அப்படியே வைத்துக்கொண்டேன், மற்றதெல்லாம் நான் கண்ணால் கண்டது. வழுக்கை விழுந்த முன்தலையைச் சொன்னேன். சாகப்போகிற நேரத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் என்றேன். சிரிக்கும்போது அந்தத் தங்கப் பல் எப்படி மின்னியது தெரியுமா என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனது. சோமசேகரன் எழுந்து நின்றான்.

"தங்கப் பல் உனக்கு எப்படிடா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டான். "அவன் எங்கடா?"

தருமன் அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி லாட்ஜைப் பார்க்க ஓடினான். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளத்தில் கிடந்தவனை அடையாளம் காட்டியதும் அவன்தான்.

பலராமன் ஐப்பசியிலேயே சென்னையில் கப்பலிறங்கி நேராக சோமசேகரன் வீட்டுக்குப் போனான் என்கிறீர்கள். எல்லாருமாகக் கூடிப் பேசி, தீபத்தன்று அவனை என் மாடியில் கொண்டுவந்து நிறுத்தி என்னை வைத்துச் சிரிக்க ஏற்பாடு செய்தார்களாம். அவன் உயிரோடு இருப்பது என் ஒருவனைத் தவிர எல்லாருக்கும் தெரியுமாம். உங்களிடம் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் படித்தவர், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், உங்களை எதிர்த்துப் பேசக் கூடாது. தள்ளியது நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பொய் என்று தெரிந்திருந்தால், அத்தனை பெரிய மனிதர்கள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து அவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்பார்களா, ஐயா?