மெஷினுக்கு வழி சொல்பவர்

குலசேகரத்திலிருந்து தக்கலை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தோழியிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு இப்போ மெஷினுக்கு வழி சொல்லிக் குடுக்காரு, கேட்டியா."

"மெஷினுக்கா?"

"ஆமா. வீட்டுக்குள்ள நடமாடுத ரோபோ கேட்டுப் படிக்கதுக்கு, 'டர்ன் லெஃப்ட்', 'கோ அண்டர் த டேபிள்'னு நாள் முழுக்க இங்கிலீஷ்ல பேசிப் பதிவு பண்ணணும். அதான் வேலை. நேத்து நான் அடுக்களையில வழுக்கி விழுந்தேன். மருந்து அலமாரியில, சீனி டப்பாக்குப் பொறத்த மறைஞ்சு இருக்குன்னேன். 'காணல்லியே'ன்னு நிக்காரு! நானே நொண்டிக்கிட்டுப் போய் எடுத்தேன்."

"பொறவு?"

"பொறவென்ன, அம்மை வீட்டுக்குப் போறேன். நாலு நாள் கழிஞ்சுதான் வருவேன்."

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. கணவர்தான்.

"உப்பா? அடுப்புக்கு லெஃப்ட்டுல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏட்டி, உப்பு அங்கயா இருக்கு?"

"இல்ல, ரைட்டுல. தேடட்டு."