குளிர்வண்டி

வேணாம் தம்பி, அந்த டப்பாவ அவங்களுக்குக் குடுத்துடாதீங்க. அக்கா, நீங்க கொஞ்சம் அந்த பெஞ்சுல உக்காருங்கக்கா. பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல.

நான் யாரா? மருந்துக் கிடங்குல, மாத்திர செக்‌ஷன்ல அடுக்குற வேல. உங்க கடைக்கு வர்ற பெட்டியெல்லாம் நான் கட்டினதுதான். இப்ப ஒரு வெள்ள வண்டி வந்து சக்கர வியாதிக்குப் போடுற ஊசி மருந்து இறக்கிட்டுப் போச்சுல்ல? அத வித்துடாதீங்க. கெட்டுப் போயிருக்கு.

வண்டியில குளிர் மீட்டர் பாத்தீங்களா? சில்லுன்னுதான் காட்டும். ஏன் காட்டாது? கிடங்கு கேட்டத் தாண்டினதும் குளிர் மோட்டார நிறுத்திடறது. உங்க தெருமுனை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பப் போட்டுடறது. டீசல் மிச்சமாம். நீங்க கதவத் தெறக்குறப்ப காத்து மட்டும் சில்லுன்னு அடிக்கும். உள்ள மருந்து வெந்து கெடக்கும்.

எங்களுக்கு சப்ளை செயின்னு பாடம் எடுத்தாங்க தம்பி. டை கட்டின ஒரு பையன் வந்து போர்டுல கோடு கோடா இழுத்தான். ஃபேக்டரி, கிடங்கு, வண்டி, கடை, அப்புறம் வீடு. குளிர் நடுவுல எங்கயும் அறுந்துடக் கூடாதாம். நான் தூங்கி வழிஞ்சேன். பாதி புரியல. ஆனா ஒண்ணு மண்டையில ஏறிடுச்சு. ஒருத்தர் கையில இருந்து வாங்குறவங்க, அவங்க ஒழுங்கா வச்சிருந்தாங்கன்னு நம்பித்தான் வாங்குறாங்க. அந்த பெஞ்சுல இருக்கிற அக்கா வரைக்கும் அதே நம்பிக்கைதான். ஊசி போட்டும் சக்கர எறங்கலன்னா, தான் என்னத்தையோ தின்னுட்டோம்னு தன்னையே திட்டிக்கும், பாவம்.

எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும், விடுங்களேன். சரி சொல்றேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வண்டி ஒரு வீட்டு முன்னாடி வெயில்ல நின்னுச்சு. நான் அந்தப் பக்கமாப் போனேன். மோட்டார் சத்தமே இல்ல. கதவுல கைய வச்சேன், அடுப்பு மாதிரி சுட்டுச்சு. கேட்டதுக்கு, போய் உன் வேலையப் பாருன்னு வண்டிய எடுத்துட்டுப் போயாச்சு. பின்னாடியே பஸ் ஏறி ஓடி வர்றேன்.

கிடங்குல சொல்லலாம்தான். ஃபோன எடுத்தேன், நம்பரும் அடிச்சேன். அவங்க அலோன்னதும் வச்சிட்டேன். திட்டாதீங்க தம்பி.

நீங்க பண்ணுங்க. இப்பவே. வண்டி அடுத்த கடைக்குத்தான் போயிட்டிருக்கும், அதுக்கடுத்தது ஆஸ்பத்திரி. இதே வண்டியில போற தடுப்பூசிக்கு அங்க குழந்தைங்கல்லாம் வரும். அடிங்க சீக்கிரம்.

எடுத்துட்டாங்களா? சொல்லுங்க, மொதல்ல வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க, பரவால்ல.

என்ன, எந்த டிரைவர்னு கேக்குறாங்களா?

பேர் சொன்னா தெரியாது தம்பி, அங்க நெறைய பேர் ஓட்டுறாங்க. மாத்திர செக்‌ஷன்ல அடுக்குற அம்மாவோட பையன்னு சொல்லுங்க, உடனே தெரியும். நான்தானே கெஞ்சிக் கூத்தாடி அவன அங்க சேத்துவிட்டேன்.