சூசைக்குக் கிடைத்த கோப்பை

பல்கலைக்கழக வளாகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு முதியவர்கள். ஒரு காலத்தில் எதிரெதிர்க் கால்பந்து அணிகளின் தலைவர்களாம்.

“அண்ணை, அந்த வருசம் சிறந்த வீரர் எண்டு ஏன் என்ரை பேரை எழுதேல்லை? ஒரு கோப்பையும் இல்லாததாலை, நான் விளையாடினனான் எண்டதையே பேரப்பிள்ளையள் நம்பினமில்லை.”

“தலைவர்மார்தானே வோட்டுப் போட்டனாங்கள். சொந்த அணிக்குப் போடேலாது. உனக்குப் போட்டா எனக்குக் கிடையாது. அதுதான் வெல்லவே மாட்டான் எண்டு மூண்டாவது அணிச் சூசைக்குப் போட்டனான்.”

“பந்து வந்தா விலகி நிக்கிற சூசைக்கோ?”

“ஓம். எல்லாத் தலைவர்மாரும் அப்பிடியே நினைச்சிருக்கினம். அவன் வெண்டிட்டான். நீ ஆருக்குப் போட்டனீ?”

“சூசைக்குத்தான். பாவம், ஒரு வோட்டாவது விழட்டுமெண்டு.”

“ஓமோம். எல்லாரும் பாவம் பாத்துத்தான் போட்டனாங்கள்.”