மேல யார் பேரு?

இல்லப்பா ஸாப்கோ, கல்லறைக் கல்லுல என் பேருதான் மேல வரணும். பெர்னீஸ் குவில். நல்லா தடியா, ரோட்டுல போறவன் கார நிறுத்தாமலே படிக்கிற மாதிரி வெட்டு. அதுக்குக் கீழ, உன்கிட்ட இருக்கறதுலயே சின்ன உளி எதுவோ அத எடுத்து, எடி டன்னிகன். அவ்வளவுதான். பூ வேணாம். அந்த தேவதையும் வேணாம். கொழுகொழுன்னு புள்ளைக்கு ரெக்கை வச்சு விட்டிருக்க, பாத்தா பறக்கற மாதிரியா இருக்கு?

என்ன முழிக்கிற? கல்லு வெட்டறவனுக்குப் பேரு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன. மேடை ஏறினவங்களக் கேளு. நாங்க ரெண்டு பேரும் ஊர் ஊரா ஆடினப்ப கொட்டகை வாசல்ல போஸ்டர் ஒட்டுவாங்க. எடி டன்னிகன்னு யானை சைஸுல இருக்கும். அடியில கொசு மாதிரி, உடன் பெர்னீஸ். உடனாம்! அவன் கைப்பெட்டியோட வந்தான்னு சொல்ற மாதிரி.

சனங்கள சிரிக்க வச்சது யாரு? நானு. அவன் வேலை கேள்வி கேக்கறது. கோட்டு மாட்டிக்கிட்டு விறைப்பா நின்னு, மழை பெய்யுதே, ஏண்டி ஜன்னல தொறந்து வச்சிருக்கன்னு கேப்பான். மழை பூரா உள்ள வந்துட்டா வெளிய நனையாம கடைக்குப் போலாம்லன்னு நான் சொல்லுவேன். பஃபலோ ஊருல ஒருத்தன் சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட கவுந்தான். மறுநாள் பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமா? டன்னிகன் பிரமாதம்னு. எதுல பிரமாதம்? நிக்கறதுலயா? கோட்டு மாட்டற ஸ்டாண்டுகூடத்தான் நிக்குது.

ம்? எப்ப செத்தாரா? செத்துட்டான், விடு. தேதி அப்புறம் சொல்றேன்.

கொட்டகையெல்லாம் சினிமாவா மாறினப்ப, ஒரு மாவு கம்பெனிக்காரன் ரேடியோவுல எங்களுக்கு ஷோ குடுத்தான். அங்கயாவது போஸ்டர் கிடையாதேன்னு இருந்தேன். பேர சொல்ற அறிவிப்பாளனுக்கு எடி விஸ்கி வாங்கி ஊத்தினான். அவன் எடி டன்னிகன்னு கத்திட்டு, அடுத்த மூச்சு இழுக்கறப்ப என் பேர முழுங்குவான். மாவு கம்பெனி முதலாளி அதுக்கு மேல. நான் சொல்ற ஜோக்கு அவன் பொண்டாட்டிக்குப் புரியலைன்னா வெட்டிடுவான். அந்தம்மாவுக்குப் புரியற ஜோக்கு ஒண்ணு இந்த நாட்டுல இருந்ததா எனக்குத் தெரியல.

நான் நெசமாவே மக்குன்னு நெனச்சுட்டாங்கப்பா சனங்க. ரோட்டத் தாண்டப் போனா எவனோ முன்னபின்ன தெரியாதவன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவான். எடிய பாத்தா தொப்பியக் கழட்டுவாங்க. இவள எப்படிய்யா வச்சுக் காலந்தள்றீங்கன்னு கேப்பாங்க. அந்தாளும் பாவமா மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பான். வீட்டுல முட்டை வேகவைக்கத் தெரியாது அந்த மகாராசனுக்கு.

என்னது? ஒரு குழிக்குத்தான் இடம் வாங்கியிருக்கேன்னு ஆபீஸ்ல சொன்னாங்களா? வந்து பத்த வச்சுட்டாங்களா அதுக்குள்ள. இந்தா பாரு, நாங்க ரெண்டு பேரும் ரயில்ல ஒரே பெர்த்துல முடங்கி ஒமாகா வரைக்கும் போயிருக்கோம். அவன் குறட்டைக்கும் சேத்து எடம் இருந்துச்சு. நீ கல்லப் பாரு.

அன்பு மனைவியா? போடாத. ஒரு எழுத்துகூட அப்படிப் போடாத.

ஏன்னா என்ன ஏன்? ரேடியோவுல எங்க கல்யாணத்த நீயும் கேட்டியா? உங்கம்மா அழுதாங்களா? நாடே அழுதுச்சு. மாவு விக்கலைன்னு முதலாளி வச்ச கல்யாணம் அது. பாதிரியாரா பேசினவன் முந்தின ஷோவுல கொள்ளைக்காரன். கோயில் மணின்னு நீங்க கேட்டது, ஒருத்தன் கரண்டியால பித்தளைப் பானையத் தட்டினது. அரிசிய எங்க மேல போடல, சத்தம் கேக்கணும்னு தகரத்துல கொட்டினான். சனங்க எங்க ரெண்டு பேரு மொத எழுத்தையும் தச்சு தலையணை உறை அனுப்பினாங்க, மூட்டை மூட்டையா. இன்னிக்கும் அதத்தான் மாட்டிப் படுக்கறேன்.

அதான்ப்பா கல்யாணம். வேற நடக்கல.

டொலிடோல அவனுக்குப் பொண்டாட்டி இருந்தா. வினிஃப்ரெட். சர்ச்சு சர்ச்சுன்னு கிடப்பா, விவாகரத்து கிடையாதுன்னுட்டா. கிடக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். போன பனிக்காலத்துல அவ செத்து ஒரு மாசத்துல எடியும் போனதும், அவ சொந்தக்காரங்க வந்து தூக்கிட்டுப் போய் அவ குழி பக்கத்துலயே வச்சுட்டாங்க. அவன் இங்க வரமாட்டான். இந்தக் குழி எனக்கு மட்டுந்தான். எங்க பேரு ரெண்டும் ஒண்ணா இருந்தது போஸ்டர்லதான், அதையும் மறுநாளே கிழிச்சு அடுத்த ஆட்டக்காரன ஒட்டிடுவாங்க. கல்லக் கிழிக்க முடியாதுல்ல?

சட்டமா? என் எடம், என் கல்லு. எவன் கேப்பான்?

டொலிடோக்குப் போய்ப் பாத்தேன்ப்பா. வினிஃப்ரெட் டன்னிகன்னு இவ்ளோ பெருசா வெட்டி வச்சிருக்கான். அவ முந்தியே செத்தவ, அதனால மேல. அடியில பொடி எழுத்துல, அவள் கணவன் எட்வர்ட். ஊரே கூப்பிட்ட எடின்னுகூட இல்ல. படிக்கறவனுக்கு யாருன்னே தெரியாது. அங்கயே நின்னு சிரிச்சேன், காவக்காரன் திரும்பிப் பாத்தான். பஸ்ஸுல வரப்பவும் சிரிச்சேன். கிளீவ்லாண்ட் தாண்டற வரைக்கும்தான் சிரிக்க முடிஞ்சுது.

எடிக்கு அந்தப் பொடி எழுத்து தாங்காதுப்பா. போஸ்டர்ல எழுத்து ஒரு விரக்கடை குறைஞ்சாலே சாப்பாடு எறங்காது.

என்ன, என் பேர மேல வரைஞ்சுட்டியா? அழி அத. அவன் பேரப் போடு மேல. எடி டன்னிகன். அந்தப் பெரிய உளிய எடு. கீழ எடம் மிஞ்சினா என் பேரு. மிஞ்சலைன்னா எழுத்த சுருக்கிக்க.