ஊத்துக்கரட்டுக்குக் கேடயம் வேண்டாம்

கரை கசங்காத வேட்டியோடு கம்பீரமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! சுகாதார அதிகாரி அவர்களே! வெயில் தாழுமுன்னே வந்து இடம்பிடித்த பெரியோர்களே! இடுப்பிலே பிள்ளையும் இமையிலே தூக்கமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! போடிநாயக்கனூர்ப் பொதுமக்களே! ஏலக்காய்க் கடை முகைதீன் பிச்சையின் வணக்கமும் ஸலாமும்!

இந்த எண்பத்தேழாம் ஆண்டில், இதே ஜூலை மாதத்தில், உலக மக்கள்தொகை ஐந்நூறு கோடியைத் தொட்டுவிட்டதாம். ஆப்பிரிக்காவிலே கென்யா! ஒரு பள்ளிக்கூடம் கட்டி முடிப்பதற்குள் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வந்து நிற்கின்றன. ஐரோப்பாவிலே மேற்கு ஜெர்மனி! அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். பெருகிப் பதறுகிறது ஒரு நாடு, குறைந்து குமைகிறது ஒரு நாடு.

என்ன மாப்ளே, ஏலக்காய்க் கடைக்காரனுக்கு ஜெர்மனி எதற்கு என்கிறீர்களா? நான் போகாத நாட்டுக்கெல்லாம் என் ஏலக்காய் போகிறதே, விசாரித்து வைத்திருக்கிறேன்!

பெருகினால் கேடா? குறைந்தால் நலமா? யார் குறைந்தார், ஏன் குறைந்தார், எங்கே போனார் என்று கேட்காமல் கைதட்டலாமா?

குரங்கணிப் பாதையிலே ஊத்துக்கரடு. வட்டாரத்திலேயே மக்கள்தொகை குறைந்த சிற்றூர் என்று அதற்கு இன்று இந்தக் குடும்பநல விழாவிலே கேடயம். மேசையிலே மினுமினுக்கிறதே, அதுதான். என் கையால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்குமுன் ஊரைப் பார்க்க நேற்று ஜீப்பு ஏறினேன். வீட்டுக்கு வீடு பூட்டு! சனமெல்லாம் மலைமேல் ஏலக்காட்டில். கணக்கெடுக்க வந்தவரும் பூட்டைத்தான் பார்த்துப் போயிருக்கிறார். மேலே எஸ்டேட்டிலோ, இவர்கள் போடிக்காரர்கள் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

திறந்திருந்தது ஒரே வீடு. ஒன்பது மாதக் கர்ப்பிணி ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். "ஆத்தா, உங்க ஊருக்குப் பரிசு" என்றேன்.

"பரிசு கெடக்கட்டும்ண்ணே. ஆளு கொறஞ்ச ஊருக்கு நர்சு எதுக்குன்னு பெரியம்மாள் அக்காவ மாத்திட்டாக. வர்ற திங்கக்கெழம போறாக. எனக்கு வலி வந்தா யாரக் கூப்பிடுவேன்? மேல போனா போடிக்காரிங்கிறாக, கீழ வந்தா பூட்டுன வீடுங்கிறாக. நான் எந்த ஊருக் கணக்குண்ணே?"

  அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.

ஊத்துக்கரட்டு மக்களே! பரிசு வாங்க மலையிறங்கி வந்திருக்கும் என் உடன்பிறந்தாரே! எழுந்து நில்லுங்கள். கூச்சம் எதற்கு? கைப்பிள்ளையையும் தூக்கிக் காட்டுங்கள்.

தலைவர் அவர்களே, பாருங்கள்! குறைந்துபோன கூட்டமா இது? இல்லாதவர்களா இவர்கள்? இவர்கள் கைபடாமல் என் கடையில் ஒரு காய் உண்டா? இவர்கள் உழைக்காமல் இந்தப் போடிக்கு ஒரு வேளைச் சோறு உண்டா? கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். எங்களுக்குப் பெரியம்மாளைக் கொடுங்கள்!

அதிகாரி அவர்கள் தலையசைக்கிறார். ஐயா, தலையசைத்தால் ஒலிபெருக்கிக்குக் கேட்காது. வாய்திறந்து சொல்லுங்கள்!

கேட்டதா சனங்களே? மாற்றல் ரத்து என்கிறார்! பெரியம்மாள் போகமாட்டார்!

தட்டுங்கள் கையை, இப்போது தட்டுங்கள்! ஐந்நூறு கோடியை உலகம் எண்ணிக்கொள்ளட்டும். ராமுத்தாய் பெறப்போகும் பிள்ளையை ஏந்துவதற்கு ஊத்துக்கரட்டிலே இரண்டு கை இருக்கிறது. எனக்கு அது போதும். பேச விட்ட தலைவருக்கும், எழுந்து நின்ற உங்களுக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.